ரோக்காசெல்வா ஊர்த்தலைவருக்கு

மார்ச் 3, ஞாயிறு

தபால்தலைச் சங்கத்தின் இதழ் வந்துவிட்டது. அட்டையில் என் சேகரிப்பிலிருக்கும் பழைய கடிதம். நிறம்தான் கெட்டுக் கிடக்கிறது. தபால்தலை இளஞ்சிவப்பு, இவர்கள் அச்சிட்டிருப்பது வேகவைத்த இறால் நிறம். மாதிரி கொடுத்தேன், மூன்று தடவை தொலைபேசியில் சொன்னேன். யார் காதில் விழுகிறது?

காலைக் கூட்டத்தில் மலவோல்தி ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஓர்னெல்லா, அட்டையிலேயே போட்டாச்சு. இனிமே தங்கப் பதக்கம் வரலன்னா எங்களைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். சங்கத்துக்குப் பதினெட்டு வருடமாக அவரே தலைவர். என்னிடம் இருப்பதில் பாதி தவறுதலாக என்னிடம் வந்து சேர்ந்தது என்பது அவருடைய எண்ணம்.

அக்டோபர் கண்காட்சிக்கு எண்பது தாள்கள் தயார். மொதெனா டியூக் ஆட்சிக் காலத்தில் மலைப்பக்கத்துக்குப் போன தபால். போன முறை தங்கமுலாம் பூசிய வெள்ளி கொடுத்து அனுப்பினார்கள். 'கிட்டத்தட்ட' என்று அர்த்தம். இந்த முறை அப்படிச் சொல்ல முடியாது. நாற்பத்தோராம் தாளில் இந்தக் கடிதம் இருக்கிறது: 1852 ஜூன் முதல் தேதி, எங்கள் மொதெனாவில் தபால்தலை விற்பனைக்கு வந்த முதல் நாள், அன்றைய முத்திரையோடு ரோக்காசெல்வாவுக்கு மலையேறிப் போனது. அந்த நாளில் மலைக்குப் போன இன்னொன்றை நான் பார்த்ததில்லை. மலவோல்தியும் பார்த்ததில்லை. அதுதான் அவருக்கு வலி.

மார்ச் 19, செவ்வாய்

புனித யோசேப்பு நாள் என்று கணவர் லெயார்கோவுக்கு மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. வாசலில் இரண்டு காராபினியேரி போலீஸ்காரர்கள். முதலில் லெயார்கோ எங்கேயோ வண்டியை இடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் வந்தது எனக்காக. களவுபோன பழம்பொருள்களைத் தேடும் பிரிவாம். ஒருவர் மார்ஷல். மரியாதையான மனிதர்; காப்பி வேண்டாம் என்றார், உருண்டை ஒன்று எடுத்துக்கொண்டார். பையிலிருந்து சங்க இதழை எடுத்து மேஜையில் வைத்தார். இறால் நிறம்.

விஷயம் இதுதான். கடிதத்தின் முகவரி 'ரோக்காசெல்வா ஊர்த்தலைவருக்கு'. ஊர்த்தலைவருக்கு வந்த கடிதம் ஊரின் சொத்து. ஊர் ஆவண அறையில் இருக்க வேண்டியது. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் கொர்ராதினி என்ற பெண் இதழைப் பார்த்துவிட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். 1998-இல் ஒரு கடையில் ரசீதோடு வாங்கியது என்று ரசீதைக் காட்டினேன். கடைக்காரர் செத்துப் பத்து வருடம் ஆகிறது. அவருக்கு எங்கிருந்து வந்தது என்று மார்ஷல் கேட்டார். கல்லறைக்குப் போய்க் கேளுங்கள் என்று வாய் வரை வந்தது.

பிறகு, "உள்ள என்னம்மா எழுதியிருக்கு?" என்றார்.

தெரியாது என்றேன்.

"எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?"

"இருபத்தாறு."

கூட வந்தவரைப் பார்த்தார். கூட வந்தவர் ஜன்னலைப் பார்த்தார். லெயார்கோ அடுப்படியில் இருமினார், சிரிப்பை மறைக்க.

இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? பழைய மடிப்பை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நார் விட்டுப்போகும். தபால் வரலாறு முழுவதும் முகப்பில்தான் இருக்கிறது: கட்டணம், வழி, தேதி, முத்திரை. உள்ளே இருப்பது வீட்டுக் கதை. யாருக்கோ வயிற்றுவலி, யாருக்கோ மாடு செத்துவிட்டது. எங்கள் சங்கத்தில் ஒருவரும் உள்ளே பார்ப்பதில்லை.

கடிதத்தைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, நாடா ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கி, என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். முடிவு தெரியும்வரை நானே காவல். திறக்கக் கூடாது, விற்கக் கூடாது, காட்சிக்கு வைக்கக் கூடாது.

உருண்டை எல்லாம் கருகிவிட்டது.

மார்ச் 20

என் அலமாரி, என் சாவி. உள்ளே நான் தொடக் கூடாத ஒன்று.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

சங்கத்தில் பாதி நாற்காலி காலி. ஊர்த்தலைவர்களுக்குப் போன கடிதம் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் காய்ச்சல். வந்தவர்களும் என் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு என்ன தொற்றுநோயா?

மலவோல்தி மட்டும் எதிரே வந்து உட்கார்ந்தார். சந்தோஷப்படத்தான் வந்தார் என்று நினைக்கிறேன், ஆனால் உபயோகமாக ஒன்று சொன்னார். போர்க்காலத்தில் காகிதப் பஞ்சம் வந்தபோது ஊர் ஊராகப் பழைய காகிதத்தைக் கட்டிக் கூழாலைக்கு அனுப்பினார்களாம். ஆலை வாசலிலேயே வியாபாரிகள் தபால்தலையோடு இருந்ததைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். நம்மிடம் இருப்பதில் பெரும்பாலானவை அப்படி வந்தவை. அனுப்பிய கட்டுகளுக்குப் பட்டியல் உண்டு. அதில் ரோக்காசெல்வா இருந்துவிட்டால், ஊரே வேண்டாம் என்று கழித்தது. யாரும் கேட்க முடியாது.

"குப்பைன்னு அவங்க தூக்கிப் போட்டதை நாம பத்திரமா வச்சிருக்கோம். நமக்கு மாலை போடணும். போலீஸ் அனுப்புறாங்க" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக மலவோல்தி சொன்னதற்குத் தலையாட்டினேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பல் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு மொதெனா ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பேனா உள்ளே விடவில்லை, பென்சில்தான். படிவத்தில் 'ஆராய்ச்சியின் நோக்கம்' என்று ஒரு கட்டம். 'நான் திருடி இல்லை என்று காட்ட' என்று எழுதலாமா? 'தபால் வரலாறு' என்று எழுதினேன்.

மூன்று மணி நேரம் காத்திருந்து கிடைத்த கட்டு வேறு ஊருடையது. ரோக்கா என்று தொடங்குகிற ஊர்கள் இந்தப் பக்கத்தில் நாலு.

ஏப்ரல் 16, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

1941, இரண்டு தாள், கையெழுத்து, ஊர்முத்திரை எல்லாம் சரியாக. 'ரோக்காசெல்வா: 1849 முதல் 1858 வரை வந்த கடிதங்கள், பதினொரு கட்டு, காகித ஆலைக்கு.' எழுந்து நின்று கத்தலாம் போலிருந்தது. அடுத்த வரி: 'தண்ணீர், எல்லை வழக்குகள் நீங்கலாக.' தண்ணீர்த் தகராறும் எல்லைத் தகராறும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும் என்று அவற்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, கடிதம் தண்ணீரைப் பற்றியோ எல்லையைப் பற்றியோ இல்லாவிட்டால் என்னுடையது. இருந்தால், யாரோ அறையிலிருந்து உருவியது.

அது எதைப் பற்றியது? முத்திரை எந்த அச்சில் விழுந்தது, தபால்தலையிலுள்ள அரசின் கழுகுக்கு இடது இறக்கையில் மை ஏன் மங்கியது என்று மூன்று பக்கம் எழுதியவள் நான். எதைப் பற்றியது என்று தெரியாது.

ஏப்ரல் 18, வியாழன்

ரோக்காசெல்வாவுக்குப் போனேன். கடிதம் கழுதை முதுகில் போன வழி என்று வரைபடமே போட்டிருக்கிறேன். நானாகப் போவது இதுதான் இரண்டாம் தடவை. வளைவு வளைவாகத் தலை சுற்றியது.

டாக்டர் கொர்ராதினிக்கு முப்பத்தைந்து இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் சம்பளம், ஐந்து நாள் வேலை என்று முகத்திலேயே தெரிகிறது. 1941 பட்டியலை இரண்டு தடவை படித்தாள். நல்லதுதான் என்றாள். பிறகு கடிதத்தின் படத்தைப் பார்த்து, "நம்பர் எங்கே?" என்றாள்.

எந்த நம்பர் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது, எனக்குக் காது சுட்டது.

வந்த கடிதத்துக்கெல்லாம் ஊர்க் குமாஸ்தா முகப்பில் ஒரு எண் போடுவானாம். அதே எண் பதிவேட்டில் இருக்கும். பக்கத்தில் யார் எழுதியது, எதைப் பற்றி, என்ன முடிவு. எண் இருந்தால் ஒரு நிமிட வேலை.

எண் இருந்தது. பழுப்பு மையில், கட்டை விரல் அகலத்துக்கு, தபால்தலையை முட்டிக்கொண்டு. நாங்கள் அதைக் கிறுக்கல் என்போம். வாங்கின வருடமே பொலோஞ்ஞாவில் ஒருவரிடம் கொடுத்து எடுக்கச் சொன்னேன். தடமே தெரியாமல் எடுத்துக் கொடுத்தார், முகப்பு பளிச்சென்று ஆயிற்று. அப்போது எல்லோரும் அதைத்தான் செய்தோம். எடுக்காதவனைத்தான் சோம்பேறி என்றோம். நானே பகல் முழுக்கப் பொய்ப்பல் வார்த்து வயிறு வளர்க்கிறவள். அந்த மனிதரின் கைவேலையை வியந்து எல்லோரிடமும் காட்டினேன்.

மறைக்காமல் சொன்னேன்.

"நம்பரை அழிச்சது, நான் பார்த்தவரைக்கும், திருட்டுக் காகிதத்துலதான்" என்றாள் அவள்.

"நான் திருடி இல்லை."

"நான் அப்படிச் சொல்லலையே. நம்பர் இல்லன்னு சொல்றேன்."

திரும்பி வரும்போது வளைவில் வண்டியை நிறுத்தி அழுதேன். கோபத்தில்தான். எவன் எழுதினதோ, எவனுக்கு எழுதினதோ, பாத்துப் பாத்து வச்சிருந்தது நான்தானே?

ஏப்ரல் 21, ஞாயிறு

சங்கத்துக்குப் போகவில்லை. மதியம் தொர்தெல்லினி சாப்பிடும்போது லெயார்கோ சொன்னார்: "ரொம்ப சுலபம். பிரிச்சுப் படிச்சா எதைப் பத்தின்னு தெரிஞ்சிடும்."

நாடா ஒட்டியிருக்கிறது, திறந்தால் வழக்கு என்று நூறாவது தடவையாகச் சொன்னேன்.

"இருபத்தாறு வருஷம் திறக்கலாம்னு இருந்துச்சு, திறக்கல. இப்ப கூடாதுன்னதும் கை பரபரங்குதா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உண்மையை எதற்கு இவ்வளவு நிதானமாகச் சொல்ல வேண்டும் இந்த மனிதர்?

மே 7, செவ்வாய்

கொர்ராதினி பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். வணக்கம் இல்லை, ஒரு வரி விளக்கம் இல்லை, படங்கள் மட்டும்; முடிவு எழுதும் ஓரம் படத்தில் விழவில்லை. ஜூன் 2 முதல் 4 வரை மொதெனாவிலிருந்து வந்தவை மொத்தம் பதினொன்று. இதில் ஏதோ ஒன்று என்னுடையது.

பள்ளிக்கூட அடுப்பு. படையிலிருந்து திரும்பியவனின் சான்றிதழ். மருத்துவரின் வாடகை. வெறிநாய். கோவில் மணிக்குக் கயிறு. இப்படி ஒன்பது. பாக்கி இரண்டு: தண்ணீர், தண்ணீர்.

வரும் 22-ஆம் தேதி மார்ஷல் முன்னால் உறையைத் திறக்கப் போகிறார்கள்.

மே 9

ஒன்பதுக்கு இரண்டு. இன்று ஒரே கிழவருக்கு ஒரே பல்லை இரண்டு முறை வார்த்துவிட்டேன்.

மே 15

வெறிநாயாக இருக்கட்டும். கடவுளே, வெறிநாயாக இருக்கட்டும்.

மே 22, புதன்

ஊர் மன்றத்தில் நீள மேஜை. மார்ஷல், கொர்ராதினி, நான். லெயார்கோ சுவர் ஓரமாகத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. மார்ஷல் நாடாவை அறுத்தார்.

கொர்ராதினி கையைக் கழுவிவிட்டு வந்து திறந்தாள். உறை கிடையாது, அது ஒரே தாள். எழுதி, மடித்து, மேலே முகவரி. முதல் மடிப்பு, இரண்டாம் மடிப்பு. அவள் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், மடிப்பு விடுகிறதா, விடுகிறதா என்று. அவள் படிக்கத் தொடங்கியது காதில் விழவில்லை. மார்ஷல் தலையை நிமிர்த்தியபோதுதான் கேட்க ஆரம்பித்தேன்.

எழுதியவள் தொமித்தில்லா பெர்ரி என்ற விதவை. மொதெனாவில் பட்டு முறுக்கும் கூடத்தில் வேலை. பிள்ளைகள் இரண்டும் மாமியாரோடு ரோக்காசெல்வாவில் இருக்கின்றன. அவர்களுக்கு இருப்பது ஒரு துண்டுப் புல்வெளி, ஒரு பசு. மேலே ஆலைக்காரன் வாய்க்காலை அடைத்துவிட்டான். புல் காய்கிறது, புல் காய்ந்தால் பசு போகும், பசு போனால் பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து யார் காப்பது? வாரத்தில் இரண்டு இரவு மட்டும் வாய்க்காலைத் திறந்துவிட ஊர்த்தலைவர் உத்தரவிட வேண்டும். பகலில் அல்ல, ஆலை ஓடாத இரவில். கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவை. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

தண்ணீர்.

கொர்ராதினி பதிவேட்டைத் திருப்பி, முந்நூற்று எண்பத்தெட்டு என்றாள். வெற்றிபெற்ற குரல் இல்லை அது, இருந்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும். நான் வாங்கியதில் குற்றம் இல்லை என்று மார்ஷல் எழுதிக் கொடுத்தார். கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

மே 23

போயிற்று.

ஜூன் 2, ஞாயிறு

குடியரசு நாள் என்று நாடே கொடி பிடித்துக் கொண்டாடுகிறது. நான் நாற்பத்தோராம் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மூலையைப் பிடிக்கும் ஒட்டுத்தாள்கள் அப்படியே இருக்கின்றன, நடுவில் ஒன்றுமில்லை. விலகிக்கொள்கிறேன் என்று மலவோல்திக்குச் சொன்னேன். வண்ணப் படம் வைக்கலாமே என்றார். படத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

லெயார்கோ பத்து நாளாக ஒரே கேள்வி. "அந்தப் பொம்பளைக்குத் தண்ணி கெடைச்சுதா?"

எனக்கு என்ன தெரியும் என்றேன். சாப்பிடும்போது மறுபடி கேட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது குழாயைப் பிடித்துக்கொண்டு மறுபடி. நான் இழந்தது எவ்வளவு பெரியது, இவருக்கு நூற்றெழுபது வருடத்துக்கு முந்திய பசு. கடைசியில் அவர் வாயை அடைப்பதற்காகவே கொர்ராதினிக்கு எழுதினேன், நானும் வணக்கம் இல்லாமல்: 388-க்கு என்ன முடிவு?

ஜூன் 5, புதன்

பதில் வந்துவிட்டது. 388: 'முத்திரைத்தாளில் எழுதப்படாததால் ஏற்கப்படவில்லை. அவ்வாறே தெரிவிக்கப்பட்டது.'

அடப்பாவிகளா.

கீழே இன்னொரு வரி. ஜூன் 22-இல் 431: அதே விதவை, முத்திரைத்தாளில். 'கேட்டபடி வழங்கப்பட்டது.'

"அப்போ கெடைச்சிடுச்சு" என்று லெயார்கோ ஒரு கிளாஸ் லம்ப்ரூஸ்கோ ஒயின் கூடுதலாக ஊற்றிக்கொண்டார்.

431 தன்னிடம் பெட்டியில் இருக்கிறது என்றும், படம் அனுப்பப் போவதில்லை, முடிந்தால் வந்து பார்க்கவும் என்றும் கொர்ராதினி எழுதியிருக்கிறாள். என்ன திமிர்.

ஜூன் 20, வியாழன்

போனேன்.

பெட்டியைத் திறந்து தாளை என் முன்னால் வைத்தாள். வலது மேல் மூலையில் ஓட்டை. தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய செவ்வகம். எலி இல்லை, புழு இல்லை. நல்ல கத்தரி, நாலு பக்கமும் அளவாக விளிம்பு விட்டு, முத்திரை முழுதாக வரும்படி பார்த்து வெட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள்தான். அழகாக வெட்டியிருக்கிறார்களே என்று ஒரு கணம் பாராட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பாராட்டினேன்.

பிறகு அவள் தாளைத் திருப்பினாள். இரண்டாய் மடித்த தாளில் எழுத்து மூன்றாம் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறது, முகவரிக்கு நேர் பின்னால். 'இரண்டு இரவு என்று கேட்டது அதிகம் என்று புரிந்துகொண்டேன், மன்னிக்க வேண்டும். இப்போது நான் கேட்பதெல்லாம் வாரத்தில்' — ஓட்டை — 'மட்டுமே. அதற்கு மேல் ஒருபோதும் கேட்க மாட்டேன்.'

"கேட்டபடி வழங்கப்பட்டதுன்னு இருக்கு" என்றாள் கொர்ராதினி. "என்ன கேட்டான்னுதான் இங்க இல்ல. அது உங்க ஆளுங்க யாரோ ஒருத்தர் ஆல்பத்துல இருக்கு."

உங்க ஆளுங்க.

ஜூன் 22, சனி

என்னிடம் தாளோடு வெட்டிய துண்டுகள் அறுபத்தொன்று. அதில் இளஞ்சிவப்பு இருபத்து மூன்று. முழுக் கடிதம் வாங்க வசதியில்லாத காலத்தில் துண்டுகளாக வாங்கினேன். இன்று ஒவ்வொன்றாகத் திருப்பினேன். சில ஆல்பத்தில் பொருத்துவதற்குக் கீல்தாள் ஒட்டியவை, சிலவற்றின் பின்னால் வலுவுக்காக இன்னொரு மெல்லிய தாள். அவற்றை அப்புறம் பார்க்க வேண்டும். ஈரம் காட்டிப் பிரிக்கணும்.

பின்பக்கத்தில் இருந்தவை: 'ஆட்டுக்கு மூன்று'. 'உன் அண்ணன் இன்னும்'. 'செருப்பு வரவில்லை'. 'காய்ச்சல் விட்டு'. ஒரு கூட்டல் கணக்கு, தப்பாகக் கூட்டியது.

அவளுடையது இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

சங்கத்தில் எழுந்து நின்று கேட்டேன். மொதெனா, பத்து சென்டெசிமி, இளஞ்சிவப்பு, துண்டில் இருப்பது, 1852 ஜூன். யாரிடமெல்லாம் இருக்கிறதோ பின்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டையின் அளவில் வெட்டிய அட்டை கொண்டுபோயிருந்தேன்.

பிறகு மலவோல்தி: "ஓர்னெல்லா, முகத்தைப் பார்த்துத்தானே கட்டிக்கிட்டோம். இப்ப முதுகை எதுக்குத் திருப்பிப் பாக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஆல்பத்தைத் திறந்து, இடுக்கியை எடுத்து, ஒன்றைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுப் படித்தார். 'மகள் பிறந்தாள், வேறு விசேஷம் இல்லை.' அப்புறம் பக்கத்து மேஜைக்காரர் திருப்பினார். முப்பது கிழவர்கள், வாழ்க்கையெல்லாம் சேர்த்ததைக் குப்புறப் போட்டு ஆளுக்கொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை.

அதிலும் இல்லை.

ஜூலை 6, சனி

என்னிடம்தான் இருந்தது.

மூன்றாம் தாள், முதல் வரிசை. 1987-இல் சந்தையில் வாங்கியது, என் முதல் சம்பளத்தில், என் முதல் நல்ல தபால்தலை. பின்னால் மெல்லிய தாள் ஒட்டியிருந்ததால் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். ஈரத்துணி, பொறுமை, இரண்டு மணி நேரம். பல் வேலை செய்கிற கைக்கு அது பெரிதில்லை. ஒட்டுத்தாள் உரிந்து வந்தது. அட்டையை வைத்துப் பார்த்தேன், அளவு சரி. இரண்டே வார்த்தை.

'அரை இரவு.'

ஏன்டி? ஏன் இப்படிப் பண்ணினே? முத்திரைத்தாள் இல்லன்னு ஒரு குமாஸ்தா எழுதினதுக்கு, ரெண்டு ராத்திரி கேட்டவ அரை ராத்திரிக்கு எறங்கிட்டியே. அவன் அளவைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே. தாளைப் பத்தித்தானே சொன்னான். கேட்டபடி குடுத்திருக்கான்டி. ரெண்டே கேட்டிருந்தா ரெண்டே குடுத்திருப்பான்.

இந்தத் தபால்தலையை எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன். விளிம்பைப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள் என்று. முப்பத்தேழு வருடம் அவள் அதன் முதுகில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

லெயார்கோவிடம் சொன்னேன். எப்போதும் ஏதாவது சொல்கிறவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

யாரும் கேட்டு வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கொர்ராதினி துண்டை இடுக்கியால் எடுத்து ஓட்டையில் வைத்தாள். முத்திரையின் வளைவு தாளிலிருந்து தபால்தலைக்கு ஏறி மறுபடி தாளில் இறங்கியது, விட்டுப்போன இடம் தெரியவில்லை. திருப்பிப் படித்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டாள். மலைக் காற்று ஒத்துக்கொள்வதில்லை என்று சாக்குச் சொன்னாள்; அந்த ஊரிலேயே பிறந்தவள்.

ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு கேட்டேன்: அக்டோபர் கண்காட்சிக்கு இரண்டு கடிதங்களும் வேண்டும். ஒன்றை மட்டும், திறப்பு விழா அன்றைக்கு மட்டும் என்று கேட்டால் மன்றம் சுலபமாக ஒத்துக்கொள்ளும் என்று யோசனை சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான்.

"ரெண்டும். மூணு நாளும். குறைச்சு எழுத மாட்டேன்" என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். விண்ணப்பத்துக்கு வருவாய் முத்திரை ஒட்ட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள். எதிரே புகையிலைக் கடையில் கிடைக்கும்.

செப்டம்பர் 12

மன்றத்தின் கடிதம். கேட்டபடி.

அக்டோபர் 13, ஞாயிறு

வெள்ளி. முலாம்கூட இல்லை.

இரண்டையும் திறந்து, எழுத்துப் பக்கம் தெரியும்படி வைத்தேன். முகப்புகளைச் சின்னப் படமாக ஓரத்தில் போட்டேன். நடுவர் குறிப்பு: 'அரிய முதல் நாள் முகப்பு பார்வைக்கு வைக்கப்படவில்லை. விதிக்கு மாறான அடுக்கு.' சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பழைய நானாக இருந்தால் மதிப்பெண்ணை இன்னும் குறைத்திருப்பேன். இருந்தாலும் எரிச்சல்தான். மலவோல்திக்குத் தங்கம். அதுவும் எரிச்சல்தான்.

மற்றச் சட்டங்களை ஆட்கள் பூதக்கண்ணாடியோடு பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். என்னுடையதில் நாற்பத்தோராம் தாளுக்கு முன்னால் மூன்று நாளும் கூட்டம் தேங்கிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அந்தக் கையெழுத்தைப் படிக்க நேரம் ஆகிறது. இன்று மூடுகிற நேரத்தில் ஒரு பெண், தபால்தலைக்கு வந்தவள் மாதிரியே இல்லை, கணவனுக்குத் துணையாக வந்திருப்பாள், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு முதல் கடிதத்தை முழுக்கப் படித்தாள். இரண்டாவதையும் படித்தாள். ஓட்டை இருந்த இடம் வந்ததும் நின்றாள். பக்கத்தில் நின்ற என்னிடம் திரும்பி, "அரை ராத்திரிதானா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.